கரிகிரிப் பானையும் கைப்பேசி விற்பனையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நான்கு மாவட்டங்களாகப் பிரிந்து நிற்கும் பழைய வட ஆற்காட்டில் கைத்தொழிலுக்குக் குறைவில்லை. கரிகிரி மண்பாண்டம், ஆரணிப் பட்டு, வந்தவாசிக் கோரைப்பாய், குடியாத்தம் லுங்கி, ஆம்பூர் பேரணாம்பட்டுப் பக்கத்துத் தோல் பொருள் எனப் பட்டியல் நீளும். இவற்றைச் செய்கிறவர்களிடம் "இன்ஸ்டாகிராமில் போடுங்கள், தானாக விற்கும்" என்று சொல்லாதவர் இல்லை. பயிற்சி வகுப்புகளும் ஒரு கணக்கைத் திறந்து, பத்துப் படம் ஏற்றிக் காட்டுவதோடு முடிந்துவிடுகின்றன. விற்பனை என்பது அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அந்தப் பிற்பாதியை யாரும் சொல்லித் தருவதில்லை என்பதால் இந்தக் கடிதம். மண்பாண்டத்தையே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறேன். உடைகிற பொருளை அனுப்பி விற்கப் பழகியவருக்கு மற்றவை சிரமமில்லை.

முதலில் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். தெருவில் விவரம் தெரிந்த ஒரு பையன் தன் எண்ணிலும் தன் மின்னஞ்சலிலும் கணக்கைத் திறந்து கொடுப்பான். ஓராண்டில் அவன் வேலைக்குச் சென்னையோ ஓசூரோ போய்விடுவான். கடவுச்சொல் மாற்றக்கூட வழியில்லாமல் கணக்கு நின்றுவிடும். தொழில் செய்கிறவரின் பெயரில் ஒரு சிம், அந்த எண்ணில் ஒரு மின்னஞ்சல், அவ்விரண்டில் இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப் பிசினஸும் தொடங்க வேண்டும். வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு, அதற்கு நாம் வைக்கும் ஆறு இலக்க எண்ணை வீட்டு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். சொந்த வாட்ஸ்அப்பும் பிசினஸ் வாட்ஸ்அப்பும் ஒரே கைப்பேசியில் வேறு வேறு எண்ணில் ஓடும். அதற்கென்று இன்னொரு கைப்பேசி வாங்க வேண்டியதில்லை.

அடுத்தது படம். கரிகிரியின் கருப்புப் பானை படம் எடுக்கக் கடினமான பொருள். சூளையை அடைத்துப் புகையை உள்ளே நிறுத்துவதால் வரும் அந்தக் கருமையும், மெருகுக்கல் தேய்த்து வந்த பளபளப்பும்தான் அதன் விலை. ஆனால் கைப்பேசிக் கேமரா கருப்பைக் கண்டதும் வெளிச்சம் போதவில்லை என்று தானே கூட்டிக்கொள்ளும். பானை சாம்பல் நிறமாகிவிடும். திரையில் பானையின் மேல் விரலை வைத்தால் பெரும்பாலான கைப்பேசிகளில் ஒரு சூரியக் குறி வரும். அதைக் கீழே இழுத்து, கருப்பு கருப்பாகத் தெரியும் இடத்தில் நிறுத்த வேண்டும். பளபளப்பில் எடுப்பவரின் சட்டையும் கைப்பேசியும் தெரியும். இதற்குத் திண்ணை நிழலில் பானையை வைத்து, வெளிச்சம் வரும் பக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டியைத் திரை போலக் கட்டினால் போதும். ஒளி சீராக ஒரு பக்கமிருந்து விழும், உருண்டை வடிவம் எடுத்துக் காட்டும். பின்னணிக்குச் சந்தன நிறத் துணியோ பூசாத சுவரோ நல்லது. பளீர் வெள்ளையும் வேண்டாம், பூப்போட்ட போர்வையும் வேண்டாம். ஃபிளாஷ் போடவே கூடாது. மண் கையால் தொட்ட லென்ஸில் படலம் படிந்திருக்கும். ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டு எடுக்க வேண்டும், மங்கலான படங்களில் பாதிக்கு இதுதான் காரணம்.

ஒரு பொருளுக்கு ஐந்து படம் போதும்: முழு உருவம், வாய், அடி, வேலைப்பாட்டின் அருகாமைப் படம், அளவு தெரிய ஒரு எவர்சில்வர் டம்ளரைப் பக்கத்தில் வைத்து ஒன்று. கூடவே உயரம், வாயின் அகலம் இரண்டையும் சென்டிமீட்டரில் எழுத வேண்டும். சமையல் பாத்திரமானால் தண்ணீர் ஊற்றி அளந்து லிட்டர் கணக்கையும் போட வேண்டும். 'பெரிய சைஸ்', 'மீடியம் சைஸ்' என்று எழுதினால் வாங்கியவர் மனதில் வேறு அளவு இருக்கும், சண்டை வரும். பச்சை மண் காய்ந்து சுட்டு வரும்போது பத்தில் ஒரு பங்கு வரை சுருங்குவதால் ஒரே கையில் வனைந்த இரண்டு சட்டிகூட ஒத்திருக்காது. 'கைவேலை, அளவு ஒரு சென்டிமீட்டர் கூடலாம் குறையலாம்' என்ற ஒரு வரியை எல்லாப் பொருளுக்கும் சேர்க்க வேண்டும்.

விலையை மறைப்பது பெரிய தவறு. 'விலைக்கு மெசேஜ் செய்யவும்' என்று போட்டால் கேள்வி கேட்பவர் கூடுவதாகத் தோன்றும். உண்மையில் வாங்க நினைத்தவர் பலர் கேட்காமலே நகர்ந்துவிடுவார்கள். கேட்கிறவரிடம் ஒரே பதிலை நாள் முழுவதும் தட்டிக்கொண்டிருப்பதில் சக்கரம் நின்றுபோகும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குறியெண் கொடுத்து (சட்டி 2, கூஜா 5 என்பது போல), விலையோடு வாட்ஸ்அப் பிசினஸின் கேட்டலாக் என்ற பொருள் பட்டியலில் ஏற்றிவிட வேண்டும். 500 பொருள் வரை அதில் இடமுண்டு. இன்ஸ்டாகிராமில் படத்துக்குக் கீழே எழுதும் இணைப்பை யாராலும் தொட்டுத் திறக்க முடியாது. கணக்கின் முகப்பில் (ப்ரொஃபைலில்) கொடுக்கும் இணைப்புதான் திறக்கும். அங்கே வாட்ஸ்அப் இணைப்பை வைத்து, படத்தின் கீழே குறியெண்ணையும் விலையையும் எழுதினால் வழி நேராகிவிடும்.

வாட்ஸ்அப்பில் குவிக் ரிப்ளை என்ற வசதி இருக்கிறது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்குப் பதிலை எழுதி வைத்துக்கொண்டு ஒரே தொடலில் அனுப்பலாம். மண்சட்டி விற்பவருக்கு வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். இண்டக்‌ஷன் அடுப்பில் வைக்கலாமா? முடியாது, காஸ் அடுப்பில் சிறு தீயில் தொடங்க வேண்டும். புதுச் சட்டியை எப்படிப் பழக்குவது? ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் அரிசிக் கஞ்சியை ஊற்றி மெல்லக் கொதிக்கவிட்டு ஆறவிட வேண்டும். சோப்பு போடலாமா? மெருகு பூசாத சட்டி சோப்பை உறிஞ்சும், சாம்பலோ கடலை மாவோ போதும். சூடான சட்டியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் விரிசல் விழும் என்பதையும் கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும். இந்த நான்கு பதில்களையும் அச்சடித்துப் பார்சலுக்குள் வைத்தால் 'சட்டி கசிகிறது, வெடித்துவிட்டது' என்ற புகார்கள் நன்றாகக் குறையும்.

வாடிக்கையாளர் எண்களைத் தனியே நோட்டில் எழுதி வைக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, அதை மட்டும் நம்பி ஆயிரக்கணக்கில் பின்தொடர்பவர்களைச் சேர்த்தவர்கள் ஒரே இரவில் எல்லோரையும் இழந்தார்கள். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியே அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம். ஆனால் நம் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்தவருக்குத்தான் அது போய்ச் சேரும். ஆகவே பார்சலில் ஒட்டும் சீட்டில் 'இந்த எண்ணைச் சேமித்து வையுங்கள், புதுச் சூளை திறக்கும்போது படம் அனுப்புகிறோம்' என்று எழுத வேண்டும். மாதம் இரண்டு செய்திக்கு மேல் அனுப்பினால் ஆட்கள் தடுத்துவிடுவார்கள். நிறையப் பேர் தடுத்தால் எண்ணே முடக்கப்படலாம்.

வீடியோவுக்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். கைப்பேசியைச் செங்குத்தாக நிறுத்த ஒரு தாங்கி, பகல் வெளிச்சம், இருபது முப்பது வினாடி போதும். முதல் இரண்டு வினாடியில் கை அசைய வேண்டும். கடைப் பெயர், வணக்கம், அறிமுகம் எல்லாம் முன்னால் வந்தால் விரல் தள்ளிவிடும். சக்கரத்தில் மண் எழும்புவது, தட்டுப்பலகையால் அடி தட்டுவது, மெருகுக்கல் பட்ட இடம் மட்டும் மின்னத் தொடங்குவது, சூளை பிரிப்பது ஆகியவற்றை மக்கள் நின்று பார்க்கிறார்கள். டியூப்லைட், எல்.இ.டி. வெளிச்சத்தில் எடுத்தால் படத்தில் கோடு கோடாக ஓடுவதுண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதும் கைப்பேசி வினாடிக்கு 30 படச்சட்டம் (ஃபிரேம்) எடுப்பதும் ஒத்துவராததே காரணம். வாசலுக்கு வந்து எடுத்தால் சரியாகிவிடும். சினிமாப் பாட்டைப் போடாதீர்கள். பிசினஸ் கணக்குக்குப் பெரும்பாலான பிரபலப் பாடல்கள் கிடைக்காது, வேறு வழியில் சேர்த்தால் ஒலியை அணைத்துவிடுவார்கள் அல்லது வீடியோவையே எடுத்துவிடுவார்கள். பலகை தட்டும் ஓசையும், செய்கிறவர் தம் பேச்சில் பொருளின் பெயரையும் விலையையும் சொல்வதும் எந்தப் பாட்டையும்விட நன்றாக இருக்கும். சித்தூரும் திருப்பதியும் பக்கத்திலேயே இருப்பதால் திரையில் தமிழோடு ஒரு வரி தெலுங்கும் சேர்ப்பது வீண்போகாது.

பின்தொடர்பவர்களை விலைக்கு வாங்கித் தருவதாக வருபவர்களை அண்டவிடக் கூடாது. பொய்க் கணக்குகள் பார்க்கவும் மாட்டா, வாங்கவும் மாட்டா. அவை அசையாததால் நம் பதிவு மற்றவர்களிடமும் போகாமல் நிற்கும். பணம் கொடுத்து விளம்பரம் செய்வதானால் 'முகப்புப் பார்வை' என்பதை விட்டு 'மெசேஜ்' என்ற நோக்கத்தைத் தேர்ந்து, நன்றாக ஓடிய ஒரு வீடியோவுக்கு மட்டும், நாளுக்கு 100 ரூபாய் வீதம் ஐந்து நாள் போட்டுப் பார்க்கலாம். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேரும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட அதிகமாகத் தவறுவது காலக்கணக்கு. அகல் விளக்குக்கு ஆர்டர் குவிவது கார்த்திகைக்கு முன்பு. வடகிழக்குப் பருவமழை அடித்து ஊற்றுவதும் அதே அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஈரம் முழுதாகக் காயாத பொருளைச் சூளையில் ஏற்றினால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி வெடித்துவிடும். விறகும் நனைந்திருக்கும். ஐப்பசியில் வீடியோ போட்டு, அது நன்றாக ஓடி, ஆயிரம் விளக்குக்கு முன்பணமும் வாங்கிக்கொண்டு, சூளை மூட்ட முடியாமல் பேர் கெட்டுப் போவது ஆண்டுதோறும் நடக்கிறது. வேலூர் வெயில் இருக்கும்போதே, ஆவணி முடிவதற்குள் விளக்குகளைச் சுட்டு அடுக்கிவிட வேண்டும். விளம்பரத்தை ஆடியிலேயே தொடங்க வேண்டும். கொலுப் பொம்மைக்கும் இதுவே பொருந்தும். கையிருப்பில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் மழைக்காலத்தில் ஆர்டர் எடுக்க வேண்டும். தீர்ந்ததும் கேட்டலாக்கில் அந்தப் பொருளை மறைத்துவிட வேண்டும். கோடையிலும் ஒரு ஆபத்து உண்டு. கத்திரி வெயிலில் வேகமாகக் காய்ந்தால் வாய்ப்பக்கம் முதலில் சுருங்கி வெடிக்கும், ஈரச் சாக்கு போட்டு மெதுவாகக் காயவைக்க வேண்டும். அவசர ஆர்டர் என்று வெயிலில் வைத்தால் பாதி போய்விடும். 'பத்து நாளில் தருகிறோம்' என்று சொல்வதற்குப் பதில் 'அடுத்த சூளை இந்தத் தேதி, அதற்கு மூன்று நாள் கழித்து அனுப்புவோம்' என்று சொன்னால் வாங்குபவர் காத்திருப்பார்.

இனி பார்சல். லாபமும் நட்டமும் தீர்மானமாவது இங்கேதான். பானையில் முதலில் உடைவது வாய் விளிம்பு, அடுத்தது கைப்பிடியும் மூக்கும். வெளியே மட்டும் சுற்றி உள்ளே காலியாக விட்டால் அழுத்தம் தாங்காது. முதலில் பானைக்குள் கசக்கிய தாளை இறுக்கமாக அடைக்க வேண்டும். மூடியைத் தனியே சுற்ற வேண்டும், பானைமேல் வைத்து ஒட்டவே கூடாது. வெளியே முதல் சுற்று எழுத்தில்லாத பழுப்புத்தாள். செய்தித்தாளை நேராகச் சுற்றினால் மை ஒட்டும். அதன்மேல் பபிள் ராப் மூன்று சுற்று, விளிம்பில் இன்னும் இரண்டு. பிறகு ஐந்தடுக்கு அட்டைப்பெட்டி. மூன்றடுக்குப் பெட்டி துணிக்குப் போதும், மண்ணுக்குப் போதாது. பெட்டியின் ஆறு பக்கமும் பானைக்கு 5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு அதைக் கசக்கிய தாளால் நிரப்ப வேண்டும். தாள் வழியில் அமுங்கும், ஆகவே பெட்டி லேசாக உப்பும் அளவுக்குத் திணிக்க வேண்டும். வைக்கோல் மலிவுதான், ஆனால் ஈரமும் பூச்சியும் கூடவே போகும். ஒட்டி முடித்து ஆட்டிப் பார்த்தால் உள்ளே அசைவே இருக்கக் கூடாது. புதுவகைப் பெட்டி பழகும்போது விலை குறைந்த ஒரு பானையை வைத்து, இடுப்பு உயரத்திலிருந்து அடி, பக்கம், மூலை மூன்றிலும் விழவிட்டுத் திறந்து பார்க்க வேண்டும். 'உடையும் பொருள்' என்ற சீட்டை ஒட்டுவது நல்லதுதான், ஆனால் லாரியில் மூட்டையோடு மூட்டையாக ஏற்றுபவர் அதைப் படிப்பார் என்று நம்பிப் பார்சல் கட்டக் கூடாது.

கூரியர்க் கட்டணம் எடைக்கு மட்டும் இல்லை, பெட்டி அடைக்கும் இடத்துக்கும் சேர்த்துத்தான். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்தால் வருவதைப் பெரும்பாலான கூரியர்கள் எடையாகக் கொள்கிறார்கள். 20 சென்டிமீட்டர் பானைக்கு 30 சென்டிமீட்டர்ப் பெட்டி வேண்டும். 30×30×30 என்பது 27,000. அதை 5,000-ஆல் வகுத்தால் 5.4 கிலோ. பானை பெட்டியோடு 2 கிலோ இருந்தாலும் 5.4 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். இதனால்தான் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மூன்று கிண்ணங்களை ஒரு செட்டாக விற்பது புத்திசாலித்தனம். ஒரே பெட்டியில் மூன்று பொருள் போகும். பெரிய தண்ணீர்ப் பானையை இணையத்தில் விற்கவே கூடாது, உள்ளூருக்கு வைத்துக்கொள்ளலாம்.

விலை வைப்பதை ஒரு கணக்காகப் பார்ப்போம். பானை 450 ரூபாய், பெட்டி, தாள், டேப் 70, கூரியர் 220 என்றால் 740. இருபதில் ஒன்று உடையும் என்று வைத்தால் அந்த ஒன்றின் முழுச் செலவையும் இருபதும் பகிர வேண்டும்: ஒவ்வொன்றுக்கும் 37 ரூபாய். ஆக 777, அதை 780 என்று வைக்கலாம். இந்த 37 ரூபாயைச் சேர்க்காதவர்கள் முதல் உடைப்பிலேயே மனம் விட்டுப்போகிறார்கள். 'பிரிக்கும்போது வீடியோ எடுத்து 24 மணி நேரத்துக்குள் அனுப்பினால் வேறு பானை தருவோம்' என்ற நிபந்தனையைப் பணம் வாங்குவதற்கு முன்பே எழுத்தில் அனுப்பிவிட வேண்டும். கட்டும்போது நாமும் வீடியோ எடுத்து வைத்தால் அதுவே சாட்சி, அதுவே அடுத்த பதிவும்.

மற்றத் தொழில்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பட்டுச் சேலையின் நிறம் டியூப்லைட்டில் மாறும். நிழலில் எடுத்து, முந்தானை, உடல், கரை, ரவிக்கைத் துணி, பின்புறம் ஐந்தையும் காட்ட வேண்டும். பின்புறம் காட்டினால் நெசவு தெரிந்தவர் நம்புவார். கோரைப்பாயை மடித்து அனுப்பினால் கோரை முறியும், சுருட்டித்தான் அனுப்ப வேண்டும். மழைக்காலத்தில் நன்றாக வெயில் காட்டாமல் பிளாஸ்டிக்கில் சுற்றினால் பூஞ்சணம் பிடிக்கும். தோல் பர்ஸுக்கு வெட்டுவிளிம்பும் உட்புறமும் தெரியும் படம் தேவை. ரெக்சினா தோலா என்ற சந்தேகம் அங்கேதான் தீரும்.

பணம் வாங்குவதில் இரண்டு எச்சரிக்கை. ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பொருளை அனுப்பக் கூடாது, வங்கிக் கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகே பெட்டி கட்ட வேண்டும். மொத்த ஆர்டர் தருவதாக, ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி, 'இந்த க்யூஆரை ஸ்கேன் செய்யுங்கள், பணம் வரும்' என்பவர்கள் மோசக்காரர்கள். பணம் பெறுவதற்கு ஸ்கேன் செய்யவோ பின் எண் போடவோ தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும்.

வரி பற்றிய பயமும் பலரைத் தடுக்கிறது. தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. வெளிமாநிலத்துக்கு விற்றால் பதிவு வேண்டும் என்பது பொது விதி. ஆனால் அறிவிக்கை செய்யப்பட்ட கைவினைப் பொருள்களுக்கு 20 லட்சம் வரை விலக்கு உண்டு. அதற்குப் பான் அட்டை இருக்க வேண்டும், மதிப்பு எவ்வளவு குறைவானாலும் இ-வே பில் (சரக்கோடு போகும் மின்னணுச் சீட்டு) போட வேண்டும். பெங்களூருக்கும் சித்தூருக்கும் அனுப்புகிறவர்கள் இதை அறிந்திருந்தால் கூரியர் கடையில் திரும்பி வர வேண்டியிருக்காது.

ஒன்றை நம் ஊருக்கென்றே சொல்ல வேண்டும். சி.எம்.சி. மருத்துவமனைக்கும் ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கும் வங்காளம், வடகிழக்கு, ஆந்திரம் என்று எங்கிருந்தெல்லாமோ மக்கள் வந்து நாள்கணக்கில் தங்குகிறார்கள். அவர்கள் இன்ஸ்டாகிராமில் தேடுவதைவிடக் கூகுள் மேப்பில் தேடுவதே அதிகம். பட்டறையைக் கூகுளில் இலவசமாகப் பதிவு செய்து, பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கொடுத்து, திறந்திருக்கும் நேரம், பஸ் நிற்கும் இடம், கையில் எடுத்துப்போகத்தக்க சிறு பொருள்களின் படம் ஆகியவற்றை வைத்தால் பெட்டியும் கூரியரும் இல்லாமலே விற்பனை நடக்கும்.

மாநில அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 25 வகைத் தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் உண்டு. அந்தக் கடனில் சக்கரமும் கருவியும் வாங்குகிறவருக்கு, செய்ததை அனுப்பி விற்கும் வழியையும் மாவட்டத் தொழில் மையம் சேர்த்துத் தர வேண்டும் என்பது என் கோரிக்கை. காட்பாடியில் ஓர் அறை போதும். ஐந்தடுக்கு அட்டைப்பெட்டிகளை நான்கைந்து அளவில் மொத்தமாக வாங்கி அடக்க விலைக்குக் கொடுக்கலாம். தனியொருவர் பத்துப் பெட்டி கேட்டால் எந்த அட்டைக் கம்பெனியும் செய்து தராது. அதே அறையில் ஓர் எடைத்தராசு, வெள்ளைத் திரை கட்டிய படமெடுக்கும் மூலை, கூரியர்க்காரர் வாரம் இருமுறை வந்து எடுத்துப்போகும் ஏற்பாடு இருந்தால் நல்லது. பயிற்சி வகுப்பை ஐப்பசி, கார்த்திகையில் வைக்காமல் வைகாசி, ஆனியில் வைத்தால், அந்த ஆண்டு தீபத்துக்கே கற்றதைப் பயன்படுத்திக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
கைவினைப் பொருள் விற்பனையில் ஈடுபட்டுள்ள வாசகர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.